முதலில் பட்டத்தை எடும்

அன்றைக்கு இந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவரும் வந்து, நானும் இருந்தேன், நானும் கேட்டேன் என்று உம்மிடம் கதை அளக்கக்கூடாது. நான், மனோன்மணி. என் கணவர் சிவபாதசுந்தரம். மேல் அறையில் வாடகைக்கு இருந்த நிருஜா. அவளுடைய சித்தப்பா குணேஸ்வரன், பெற்றோல் நிலையம் நடத்துகிறவர். அவளுக்காக வழக்குப் பேசும் சட்டத்தரணி தர்ஷிகா. ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் இருந்ததாக யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

இரும், பிள்ளை. கதிரையை இழுத்துப்போட்டு இரும். அறையைப் பிறகு காட்டுகிறேன். அறையில் குறை ஒன்றும் இல்லை. வெளிச்சம் வரும், வெந்நீர் வரும், பக்கத்து வீட்டார் நாய் வளர்ப்பதில்லை. ஆனால் அந்த அறை ஏன் காலியாக இருக்கிறது என்று நீர் அறிந்துகொள்ளவேண்டும். இலண்டனில் இந்த ஹரோவில் இருக்கிற தமிழர் எல்லாரும் ஒரு கதை சொல்லுகிறார்கள். அந்தக் கதையில் நான் ஒரு அரக்கி. கோவிலில் சுண்டல் வாங்க நின்றால் எனக்குப் பின்னால் குசுகுசு என்கிறார்கள். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பிறர் வீட்டை மெல்லும் சனம். சீ. ஆகவே என் வாயால் கேட்டுவிட்டு, அறையை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யும்.

நான் எழுதுவதுபோலத்தான் பேசுவேன். அதற்கும் சிரிப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்தவள் நான். இங்கே வந்த பிறகு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்தினேன். பேச்சுப் போட்டிக்கு நான் பழக்கிய பிள்ளை மேடையில் நின்று திக்கியதாகச் சரித்திரம் இல்லை. இதை ஏன் சொல்லுகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

நிருஜா முல்லைத்தீவுப் பிள்ளை. உம்மைப்போல மாணவ விசாவில் வந்தவள். நீர்வள முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்பு. வாயைத் திறக்கமாட்டாள், ஆகவே நல்ல பிள்ளை என்று நினைத்தேன். ஊரில் அவள் செய்துவிட்டு வந்த காரியம் எனக்குத் தெரியாது. இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணியை விடச் சொல்லிச் சனம் தெருவோரத்தில் கொட்டகை போட்டு மாதக்கணக்காக இருந்ததாம். இவள் போய்ப் படம் எடுத்து, அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரருக்குக் கொடுத்திருக்கிறாள். கொட்டகைக்கு வந்துபோகிறவர்களை எதிர்ப்பக்கம் நின்று வேறு சிலரும் படம் எடுத்திருக்கிறார்கள். இதை அவள் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. படிக்க வந்த இடத்தில் படிப்பைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு வளர்ப்பு நல்லது.

ஒருநாள் ஊரிலிருந்து அவளுடைய தாய் இந்த வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தாள். நிருஜா வகுப்பில், கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தாள். நான்தான் கேட்டேன். தாய் அழவில்லை, அது எனக்குப் பிடித்தது.

“ரீச்சர், அவளை இப்போதைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ரெண்டுபேர் மோட்டச்சைக்கிளிலை வந்தவை. அவளின்ரை படத்தைக் காட்டிக் கேட்டவை. தம்பியாரைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்தநாள்தான் விட்டவை. அவனுக்கு இப்ப ஒரு காது கேக்கேல்லை.”

“சரி, சொல்லுகிறேன்” என்றேன். நிருஜா வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். கெட்ட செய்தியைச் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மேலே போனாள்.

மறுநாள் காலை இறங்கி வந்து நின்றாள். “அன்ரி, நான் இஞ்சை அகதியாய் அசைலம் கேக்கப் போறன். நாளைக்கே போறன்.”

எனக்கு வாயெல்லாம் கசந்தது. பிள்ளை, அந்தச் சொல்லை நான் அருவருக்கிறேன். மறைக்கவில்லை. நான் இந்த நாட்டில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! படிக்க என்று வருவார்கள். கல்லூரி வாசலை மிதிக்கமாட்டார்கள். கோழிப் பொரியல் கடையில் நிற்பார்கள். விசா முடிகிற நேரம் பார்த்து, தாடியை வளர்த்துக்கொண்டு, அடித்தார்கள், உதைத்தார்கள் என்று போய் நிற்பார்கள். அகப்பட்டவன் ஊரில் கிடக்கிறான். அகப்படாதவன் இங்கே வந்து அவனுடைய தழும்பை விற்கிறான். அந்தக் கூட்டத்தில் இவளும் போய் நிற்பதா? மாணவ விசா கையில் இருக்கிறது. கட்டணம் கட்டியாயிற்று. ஆய்வேடு பாதியில் நிற்கிறது.

“நிருஜா, நீர் விருந்தாளியாக வந்தவர். வாசல் மணியை அடித்து, உள்ளே வந்து, கதிரையில் இருந்துகொண்டு, இனி இந்த வீட்டிலேயே இருக்கப்போகிறேன் என்று சொல்லுவதா? முதலில் பட்டத்தை எடும். பட்டம் எடுத்த பெண்ணாகப் போய் நில்லும். அதிகாரி எழுந்து நின்று பேசுவான்” என்றேன்.

அவள் “ஓம் அன்ரி” என்றாள். அவள் ஓம் என்றதை நீர் கவனிக்கவேண்டும். நான் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. கட்டாயப்படுத்துவது என் குணம் அன்று. நான் செய்தது ஒன்றுதான். அவளுடைய கடவுச்சீட்டை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மனம் குழம்பியிருக்கிற பிள்ளை, எங்கேயும் தொலைத்துவிடும் என்பதற்காக. கேட்டிருந்தால் அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியும்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் படித்தாள். நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தாள். பட்டமளிப்புக்குத் தாயின் இடத்தில் நான் போனேன், என் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு. அவளுடைய அங்கியை நானே நேராக்கி, தொப்பியை நானே வைத்து, சிரியும் என்று சொல்லி, இவரைக் கொண்டு படம் எடுப்பித்தேன். தமிழ்ப் பள்ளியின் முகநூலில் போட்டோம்: ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று. எத்தனை பேர் வாழ்த்தினார்கள்! அந்தப் படத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்த அந்த இருவரும் மறுபடி ஊர் வீட்டுக்கு வந்து, மகள் நல்லாய் இருக்கிறாவோ என்று கேட்டார்களாம். அது தற்செயல். தமிழ்ப் பள்ளியின் முகநூலை முல்லைத்தீவில் யார் பார்க்கப்போகிறார்கள்?

பிறகு நான் கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். விசா முடிய இன்னும் சில வாரம் இருந்தது. போய் விண்ணப்பித்தாள். சொன்ன சொல் தவறுகிறவள் நான் அல்லேன்.

அது மட்டுமா செய்தேன்? நேர்முக விசாரணைக்கு அவளைப் பழக்கினேன். இந்த மேசையில்தான். அவள் சொல்லுகிற முறை சகிக்கமுடியாதது. மோட்டார் சைக்கிளில் தொடங்கி, தம்பியின் காதுக்குப் போய், கொட்டகைக்குத் திரும்பி, நடுவில் அழுது, எங்கே விட்டேன் அன்ரி என்று கேட்பாள். நான் விடவில்லை. முன்னுரை, பொருள், முடிவுரை. கையை மடியில் வையும். கண்ணீர் விடக்கூடாது, கண்ணீர் வாதம் அன்று. எதிரே இருப்பவரின் நெற்றியைப் பாரும். ஒவ்வொரு மாலையும் சொல்லவைத்தேன். கடைசியில் தட்டுத்தடுமாறாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, அப்படியே மணிமணியாகச் சொன்னாள். போட்டியாக இருந்தால் முதற்பரிசு அவளுக்குத்தான்.

மறுத்துவிட்டார்கள்.

என்ன காரணம் எழுதினார்கள் தெரியுமா? உயிருக்குப் பயந்தவர் செய்தி வந்த அன்றே கேட்டிருப்பார். ஐந்து மாதம் இருந்து பரீட்சை எழுதியிருக்கமாட்டார். விசா முடிகிற நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறார். அங்கி போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் பகிரங்கத்தில் இருக்கிறது. விசாரணையில் உணர்ச்சி எதுவும் இல்லாமல், மனப்பாடம் செய்ததுபோல ஒப்புவித்தார். தொலைபேசி அழைப்புக்கு ஆதாரம் இல்லை.

படித்தால் குற்றம். ஒழுங்காகப் பேசினால் குற்றம். தலைவிரித்து அழுதிருந்தால் நம்பியிருப்பார்கள். நாடகம் பார்க்க வந்த சனம்!

மேல்முறையீடு செய்யவேண்டும் என்று தர்ஷிகா சொன்னாள். அதைப் பேசத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இங்கே கூடியது. நான் உளுந்துவடை சுட்டு வைத்திருந்தேன். சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லுகிறேன்: குணேஸ்வரன் பேச வந்தவரா வடை தின்ன வந்தவரா என்று தெரியவில்லை. ஒரு வடையை முழுதாக வாய்க்குள் தள்ளிக்கொண்டு தொடங்கினார்.

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. உங்கடை தமிழிலை சொன்னால் கடவுளுக்கே விளங்காது. வெள்ளைக்காரனுக்கு என்னெண்டு விளங்கும்?”

“மொழிபெயர்ப்பாளர் இருந்தார்” என்றேன்.

“அந்தாளுக்கும் விளங்கியிராது. பாவம், வீட்டை போய் அகராதி பாத்திருப்பான்.” சிரித்தார். என் கணவரும் சிரித்ததைப் பார்த்தேன். “இஞ்சை பாருங்கோ, கதை பேச்செல்லாம் சரிவராது. உடம்பிலை ஒரு தழும்பு இருக்கவேணும். கையிலை ஒரு சின்னச் சூடு. எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான், நோகாமல் போடுவான். டொக்குத்தர் கடிதமும் அவனே எடுத்துத் தருவான்.”

நிருஜா தன் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள்.

தர்ஷிகா சொன்னாள்: “அண்ணை, நான் இதைக் கேக்கேல்லை. இன்னொருக்கால் சொன்னீங்களெண்டால் இந்த வழக்கை விட்டுட்டுப் போயிடுவன்.”

நான் எழுந்து, குணேஸ்வரனின் தட்டை வடையோடு எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். அவர் எண்ணெய் விரலை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நக்கிக்கொண்டு!

பிறகு தர்ஷிகா என் பக்கம் திரும்பினாள். நல்ல குடும்பத்துப் பிள்ளை, தாயை எனக்குத் தெரியும். “அன்ரி, உங்களாலை ரெண்டு உதவி வேணும். ஒண்டு, அந்த ரெலிபோன் கோல். நிருஜாவின்ரை அம்மா என்ன சொன்னவ எண்டு நேரிலை கேட்டது நீங்கள் ஒராள்தான். நீங்கள் நீதிபதிக்கு முன்னாலை வந்து சொல்லவேணும்.”

“சொல்லுவேன். காதால் கேட்டதைச் சொல்ல எனக்கு என்ன பயம்?”

“மற்றது, ஏன் அஞ்சு மாசம் பிந்தினது எண்டு. அதுதான் அவையின்ரை பெரிய பிடி. பட்டம் எடுத்துட்டுக் கேள் எண்டு நீங்கள் சொன்னது, பாஸ்போட்டைப் பூட்டி வைச்சது, ரெண்டையும் சொல்லவேணும்.”

பிள்ளை, நான் கேட்கிறேன், நீரே சொல்லும். நாற்பது வருடம் இந்த நாட்டில் ஒரு வீதிச் சமிக்ஞையைக்கூட மீறாமல் வாழ்ந்தவள், நீதிமன்றத்தில் ஏறி நின்று, இன்னொருத்தியின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்தேன் என்று சொல்லுவதா? எதிர்ப்பக்கத்து வக்கீல் அதை எப்படித் திரிப்பான்? வீட்டில் அடிமை வைத்திருந்தவள் என்று எழுதுவார்கள். கோவில் சனம் அதைச் சுண்டலோடு சேர்த்துத் தின்னும்.

“நான் அறிவுரை சொன்னேன். ஆணை இடவில்லை. கடவுச்சீட்டு பத்திரத்துக்காக வைக்கப்பட்டது. அவள் கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை” என்றேன்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். திருமணமான நாள்முதல் விருந்தாளிகளுக்கு முன்னால் நான் பேசி முடிக்காமல் இவர் பேசியதில்லை.

“கேட்டவள், மனோ” என்றார். “ரெண்டுதரம் கேட்டவள். உன்னட்டைக் கேக்கப் பயந்து என்னட்டைக் கேட்டவள். சாவி உன்னட்டை. நான் நாளைக்குப் பாப்பம், நாளைக்குப் பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.”

“உங்களுக்கு மறதி” என்றேன். அவருக்கு மறதி உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்காவிட்டால் அதையே மறந்துவிடுவார்.

“மறக்கேல்லை. நானும் இவளைப்போல நிண்டனான்தானே.” தர்ஷிகாவைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளை, நான் எக்கவுண்டன்சி படிக்க வந்தனான். மாணவ விசா. எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை கொழும்பிலை எங்கடை வீட்டை எரிச்சுப்போட்டாங்கள். விசா கையிலை இருக்கேக்கைதான் நானும் போய்க் கேட்டனான். அடுத்த கிழமையே கேட்டனான். சோதினை எழுதேல்லை. இண்டைக்கும் எனக்குப் பட்டம் இல்லை.”

இந்த வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. குணேஸ்வரன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். “அப்ப ஐயாவும் நம்மடை ஆள்!” என்றார். என் உடம்பெல்லாம் கூசியது.

அது வேறு, பிள்ளை. நீர் படித்தவர், உமக்கு விளங்கும். அது வேறு காலம். அப்போது உலகம் முழுவதற்கும் தெரியும், வீடு எரிந்தது என்று. நாங்கள் போய் இரக்கவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தோம், அவர்கள் இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். எங்களை அகதி என்று ஒருவரும் கூப்பிட்டது கிடையாது. கூப்பிட நான் விட்டதும் கிடையாது. கல்யாணப் பத்திரிகைகளில் இவருடைய பெயருக்குப் பின்னால் கணக்காளர் என்று போடுவார்கள். நானும் திருத்தவில்லை, அச்சில் வந்ததை எதற்குத் திருத்துவது?

நான் தர்ஷிகாவிடம் முடிவாகச் சொன்னேன். “தொலைபேசியைப் பற்றிச் சொல்லுவேன். அலுமாரியைப் பற்றிச் சொல்லமாட்டேன்.”

“பாதி சொல்ல ஏலாது அன்ரி. நீங்கள் ஏறின உடனை, அப்ப ஏன் அவ உடனை கேக்கேல்லை எண்டுதான் அவை கேப்பினம். நீங்கள் முழுங்கினால் கோல் வந்ததையும் நம்பமாட்டினம். அதுக்கு நீங்கள் வராமல் இருக்கிறது நல்லம்.”

“அப்படியானால் நான் வரவில்லை.”

குணேஸ்வரன் கதிரையைப் பின்னால் தள்ளினார். “பொய்யும் சொல்லமாட்டியள், உண்மையும் சொல்லமாட்டியள். வேறை என்னத்தை அன்ரி சொல்லப் போறியள்?” என்றார். சூடு போட ஆள் பிடித்துத் தருகிற மனிதர் எனக்கு உண்மையைப் பற்றி வகுப்பு எடுக்கிறார். பதில் சொல்லி என் நாக்கை அசுத்தப்படுத்தவில்லை.

பிறகு நிருஜா, என்னுடைய நெற்றியைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: “அன்ரி, அம்மா உங்களோடை மட்டும்தான் கதைச்சவ. வேறை ஒருத்தரும் கேக்கேல்லை. இதிலை தோத்தால் என்னை ஏத்தி அனுப்புவினம். கட்டுநாயக்கா எயார்போட்டிலை இறங்கினால் அவை அங்கை நிப்பினம்.”

நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாள். கை மடியில் இல்லை. அத்தனை மாலைப் பயிற்சியும் வீண்.

“உமக்கு நன்மை செய்ததைத் தவிர நான் வேறு என்ன செய்தேன்?” என்று கேட்டேன். அந்தக் கிழமையே அவள் அறையைத் துடைத்துச் சுத்தமாக்கி வைத்துவிட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சுத்தத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது. அதை நான் எவருக்கும் சொல்லுவேன்.

இன்றைக்குத்தான் அந்த மேல்முறையீட்டு விசாரணை. பத்து மணிக்கு. தர்ஷிகா செய்தி அனுப்பியிருந்தாள், மனம் மாறினால் வாருங்கள் என்று. மனம் மாறுவதற்கு நான் என்ன காற்றாடியா?

ஆகவே, பிள்ளை, இந்த வீட்டு ஒழுங்கு இதுதான். படிக்க வந்தவர் படிக்கவேண்டும். அந்தச் சொல்லை இந்த மேசையில் சொல்லக்கூடாது. உம்முடைய விசா எப்போது முடிகிறது? வேண்டாம், சொல்லவேண்டாம். ஏன் கோப்பையை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்? உமக்கும் ஊரில் ஏதும்... வேண்டாம். நான் கேட்கவில்லை.

யார் அது, படியில்? இவர்தான். வாருங்கள், அறை பார்க்க வந்த பிள்ளை... இது என்ன கோலம்? எதற்கு இந்தக் கோட்டு? யார் வீட்டுக் கல்யாணம் இன்றைக்கு? பாரும் பிள்ளை, கழுத்துப்பட்டியை எந்நாளும் நான்தான் கட்டிவிடுவது. தானே கட்டியிருக்கிறார், கோணலாக. இஞ்சாருங்கோ, கிட்ட வாருங்கோ, நேராக்கி விடுகிறேன். மாத்திரை போட்டீர்களா? உங்களைத்தான் கேட்கிறேன். எங்கே போகிறீர்கள்? அங்கேயா? அங்கே போய் என்ன சொல்லப் போகிறீர்கள்? என் பெயரையும் சொல்லுவீர்களா? நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்?

உமக்குத் தலையை அசைத்தாரா? எனக்கு அசைக்கவில்லை.

இஞ்சாருங்கோ. சப்பாத்தைப் பிறகு போடலாம், முதலில் பதிலைச் சொல்லுங்கோ. இஞ்சாருங்கோ!

கதவைக்கூடச் சாத்தாமல் போகிறார்.